இரண்டு இன்ச் எதிரொலி: சன் ஸ்டுடியோ சத்தத்தை டேப் மெஷினில் மீட்டெடுத்தல்

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 706, யூனியன் அவென்யூ என்ற முகவரியில் இருக்கிறது சன் ஸ்டுடியோ. பாடும் அறை ஏறக்குறைய 18 அடிக்கு 30 அடி. இந்த அறையில் 1954 முதல் பதிவான பாட்டுகளில், குரலுக்குப் பின்னால் ஒரே ஒரு முறை, சட்டென்று ஒரு நிழல் திரும்பி வரும். பாடகர் 'பா' என்றால், கண் இமைக்கும் நேரத்தில் கொஞ்சம் மங்கலாக இன்னொரு 'பா'. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கோயில் மண்டபத்தில் இழுவிக்கொண்டே போகிற ஒலி வேறு, இது வேறு. இதற்கு ஸ்லாப்பேக் என்று பெயர்.

இந்த நிழல் குரலுக்கு ஏறக்குறைய 130 மில்லி விநாடி பின்னால் வருகிறது. ஒலி அந்த நேரத்தில் 45 மீட்டர் போகும். சுவரில் பட்டுத் திரும்பி வரவேண்டும் என்றால் சுவர் 22 மீட்டருக்கும் அப்பால் இருக்க வேண்டும், அதாவது 70 அடிக்கு மேல். சன் அறையின் நீளம் 30 அடிதான். ஒரு முனையில் நின்று கை தட்டினால் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்ப 53 மில்லி விநாடி போதும். ஆக, அந்த எதிரொலி அறையில் உண்டானது இல்லை. அது ஒரு ஆம்பெக்ஸ் டேப் மெஷினுக்குள், டேப்பில் ஒலியை எழுதும், படிக்கும் காந்த முனைகளான இரண்டு ஹெட்டுகளுக்கு நடுவே இருந்த சுமார் 2 இன்ச் இடைவெளியில் உண்டானது. அறையை மட்டும் பழையபடி புதுப்பித்தால் அந்தச் சத்தம் வராமல் போவது இதனால்தான். அதே எதிரொலியை, மூன்று ஹெட் உள்ள ஒரு ரீல் டேப் ரெக்கார்டரை வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வழியில் எதெது கெடும், ஏன் கெடும் என்பதையும் சேர்த்தே கீழே எழுதியிருக்கிறது.

கொஞ்சம் பின்கதை

சாம் பிலிப்ஸ் வானொலிப் பொறியாளர். மெம்பிஸின் டபிள்யூ.ஆர்.இ.சி. நிலையத்தில் வேலை பார்த்தவர். 1950 ஜனவரியில் 'மெம்பிஸ் ரெக்கார்டிங் சர்வீஸ்' என்று இந்த இடத்தைத் திறந்தார். எதையும், எங்கேயும், எப்போதும் பதிவு செய்து தருவோம் என்பதுதான் கடையின் விளம்பர வாசகம். கல்யாணம், சாவு வீடு, யாராவது அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாகப் பாடித் தரும் பாட்டு என்று எது வந்தாலும் சரி. 1953-ல் எல்விஸ் பிரெஸ்லி முதலில் அங்கே போனதும் இப்படித்தான்: 3 டாலர் 98 சென்ட், வரி தனி, இரண்டு பக்கம் பாட்டு உள்ள ஒரு அசிடேட் தட்டு.

பிலிப்ஸின் காது எப்படிப்பட்டது என்பதற்கு 1951 மார்ச்சில் நடந்த ஒரு பதிவைச் சொன்னால் போதும். ஐக் டர்னர் குழுவின் கிதார் ஆம்ப்ளிஃபயர் வழியில் அடிபட்டு, ஸ்பீக்கர் கோன் கிழிந்து வந்து சேர்ந்தது. வேறு ஆம்ப்ளிஃபயர் தேடாமல், கோனுக்குள் காகிதத்தைத் திணித்து அந்தக் கரகரப்போடு அப்படியே பதிவு செய்தார்கள். 'ராக்கெட் 88' பாட்டில் கேட்கும் கிதாரின் உறுமல் அதுதான். பழுதை மறைக்காமல் அதையே வாத்தியமாக்கும் இந்தப் புத்தி, மூன்று வருடம் கழித்து டேப் மெஷினிலும் வேலை செய்தது.

1952-ல் அவருடைய சன் லேபிள், அதாவது இசைத்தட்டு கம்பெனி, தொடங்கியது. 1954 ஜூலை 5 அன்று எல்விஸ், எலக்ட்ரிக் கிதாரில் ஸ்காட்டி மூர், பெரிய நிற்கும் பாஸில் பில் பிளாக் மூவரும் பதிவு செய்த பாட்டில் டிரம்ஸ் கிடையாது. பாஸ் நரம்பை இழுத்து விட்டு, பலகையில் 'தட்' என்று அடிக்கும் சத்தம்தான் தாளம். அதற்குப் பின்னால் எதிரொலி சேர்ந்ததும் ஒரு தட்டு இரண்டாகிவிடும். எதிரொலியின் தாமதமான 133 மில்லி விநாடி என்பது நிமிடத்துக்கு 112 அடி வேகத்தில் ஓடும் பாட்டில் ஒரு அடியைச் சரியாக நான்காகப் பிரித்ததில் ஒரு பங்கு. அந்த வேகத்துக்குப் பக்கத்தில் போகிற பாட்டுகளில் எதிரொலி அலங்காரமாக நிற்பதில்லை, இல்லாத டிரம்மரின் வேலையைப் பார்க்கிறது. செட்டிங்கை எங்கே வைப்பது என்று பின்னால் குழப்பம் வரும்போது இதை நினைத்துக்கொண்டால் போதும்.

1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தம் 35,000 டாலருக்கு ஆர்.சி.ஏ. கம்பெனிக்குக் கைமாறியது. 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் ஆர்.சி.ஏ. பொறியாளர்கள் அதே சத்தத்தைக் கொண்டுவரப் பார்த்தார்கள், பிடிபடவில்லை. நடைபாதையில் ஸ்பீக்கரை வைத்து எதிரொலி எடுத்தார்கள். நடைபாதை தருவது பரவிக் கரையும் ஒலி, அதில் ஒற்றைத் தட்டு இல்லை. பெரிய கம்பெனி, நல்ல கருவிகள், அதே பாடகர், அதே கிதார்காரர் இருந்தும் கைவிட்டுப் போனது அந்த 2 இன்ச் டேப்தான்.

தூரமும் வேகமும்

டேப் ஓடும் வழியில் முதலில் அழிக்கும் ஹெட், அடுத்து பதிவு ஹெட், கடைசியில் பிளேபேக் ஹெட். பதிவு ஹெட்டில் எழுதிய ஒலி பிளேபேக் ஹெட்டை எட்டும் வரை ஆகும் நேரம்தான் எதிரொலியின் தாமதம். கணக்கு நேரடியானது: இரண்டு ஹெட்டின் நடுக்கோடுகளுக்கு இடையிலான தூரத்தை டேப் வேகத்தால் வகுக்க வேண்டும்.

2 இன்ச், அதாவது 50.8 மி.மீ. தூரம் இருந்தால், விநாடிக்கு 15 இன்ச் (38.1 செ.மீ.) வேகத்தில் 133 மில்லி விநாடி. பாதி வேகமான 7.5 இன்ச்சில் 267. இந்த 267 ஸ்லாப்பேக் இல்லை, தனியாகக் கேட்கிற இரண்டாவது குரல் ஆகிவிடும். வீட்டு உபயோக ரீல் மெஷின்களில் ஹெட் தூரம் குறைவு. 32 மி.மீ. என்று வைத்தால் 38.1 செ.மீ. வேகத்தில் 84 மில்லி விநாடி, 19.05 செ.மீ. வேகத்தில் 168. ஒன்று இறுக்கம், இன்னொன்று தளர்வு. 84 குரலைத் தடிமனாக்கும், ஆனால் 'தட்-தட்' என்று பிரியாது. 168 மெதுவான பாட்டுக்குச் சரி: நிமிடத்துக்கு 89 அடி வேகத்தில் அடியின் கால் பங்கில் உட்காரும். வேகத்தை இஷ்டப்படி மாற்றும் வேரிஸ்பீட் வசதி இருந்தால் விநாடிக்கு 24 செ.மீ. வைக்கலாம், 32 மி.மீ. மெஷினிலும் 133 கிடைக்கும்.

இங்கே பலர் பயப்படுவார்கள், வேகத்தை மாற்றினால் சுருதி மாறாதா என்று. மாறாது. ஒரே டேப்பில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் பதிவும் பிளேபேக்கும் நடப்பதால் உள்ளே போன சுருதியே வெளியே வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது குமிழைத் திருகினால் மட்டும் அந்தக் கணத்தில் எதிரொலி வழுக்கும்.

எந்த மெஷின்

மூன்று தனி ஹெட் இருக்க வேண்டும். முன்பலகையில் 'சோர்ஸ்' / 'டேப்' என்று, அல்லது 'இன்புட்' / 'டேப்' என்று, எதைக் கேட்பது எனத் தேர்ந்தெடுக்கும் ஒரு மானிட்டர் சுவிட்ச் இருந்தால் மூன்று ஹெட் உண்டு. பதிவும் பிளேபேக்கும் ஒரே ஹெட்டில் நடக்கும் இரண்டு ஹெட் மெஷினில் இந்த வேலை நடக்கவே நடக்காது, விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம்.

சன்னில் இருந்த அதே ஆம்பெக்ஸ் 350-ஐத் தேடி இறக்குமதி செய்ய ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மெஷின். டேப்பை இழுக்கும் தண்டான கேப்ஸ்டனின் மோட்டார், மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டி ஓடும் வகை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் 15 இன்ச் வேகம் 12.5 ஆகிவிடும், 133 மில்லி விநாடி 160 ஆகும். அந்த மெஷினில் அமெரிக்காவில் பதிவான டேப்பைப் போட்டுக் கேட்டால் மூன்று அரைச்சுருதிக்கும் கொஞ்சம் கூடுதலாக இறங்கிப் பாடும். அதோடு மோட்டார் சூடேறும். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய காயிலில் 50 ஹெர்ட்ஸ் ஓடினால், வோல்ட்டையும் அதே விகிதத்தில் 97, 98-க்குக் குறைத்தால் ஒழிய, இரும்பு நிறைந்துபோய் கரண்ட் கூடும். மோட்டார் கெப்பாசிட்டரின் மதிப்பும் மாற வேண்டியிருக்கும். 60 ஹெர்ட்ஸ் தரும் இன்வெர்ட்டர் வைப்பதுதான் உருப்படியான தீர்வு.

ரெவாக்ஸ் ஏ77 போன்ற மெஷின் இந்த வேலைக்குத் தலைவலி குறைந்தது. கேப்ஸ்டன் வேகத்தை எலக்ட்ரானிக் சர்வோ பார்த்துக்கொள்வதால் 50, 60 பற்றிக் கவலை இல்லை. பின்பக்கத்தில் வோல்டேஜ் செலக்டரும் உண்டு. 9.5 / 19 வேகத்தில் வருவது சாதாரண மாடல். 19 / 38 வேகத்தில் வருவது கிடைத்தால் அதையே எடுக்கலாம்.

ஏ77 பற்றி ஒரு சின்ன விஷயம், தெரியாமல் பலர் நல்ல மெஷினை 'டெட்' என்று தள்ளிவிடுகிறார்கள். பின்னால் ரிமோட் கண்ட்ரோல் சாக்கெட் இருக்கும். ரிமோட் இல்லாதபோது அதில் ஒரு டம்மி பிளக் செருகியிருக்க வேண்டும். அது தொலைந்துபோனால் விளக்கு எரியும், பட்டன் அமுங்கும், டேப் நகராது. டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் அந்தப் பிளக் இருக்கிறதா என்று பின்னால் எட்டிப் பார்க்கவும்.

சுவிட்ச் போடும் முன்

வருடக்கணக்கில் பரணில் கிடந்த மெஷினை நேராக பிளக்கில் செருகக் கூடாது. முதலில் வோல்டேஜ் செலக்டர் 220 அல்லது 240-ல் இருக்கிறதா பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தது 110-ல் நின்றால் ஒரு விநாடியில் கதை முடியும்.

மூடியைத் திறந்ததும் தேட வேண்டியது, தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி உறை போட்ட ரிஃபா காகிதக் கெப்பாசிட்டர்கள். உறையில் மயிரிழை விரிசல் இருக்கும், அதன் வழியாக ஈரம் உள்ளே போயிருக்கும். மின்சாரம் வந்த ஐந்தாவது நிமிடமோ ஐம்பதாவது நிமிடமோ வெடித்து, வீடு முழுக்கப் புகையும் நாள் கணக்கில் போகாத நாற்றமும். விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுவதே நல்லது. மெயின்ஸ் லைனில் குறுக்கே நிற்பவற்றுக்கு எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏ.சி. எழுதியது வேண்டும், மதிப்பு சர்க்யூட் படத்தில் உள்ளபடி. சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சாதாரண 400 வோல்ட் டி.சி. பிலிம் கெப்பாசிட்டரை அங்கே போடக் கூடாது, அது கெட்டால் ஷார்ட்டாகி எரியும். எக்ஸ்2 அப்படி எரியாதபடி செய்யப்பட்டது.

ஏ77-ல் அடுத்த எதிரி போர்டுகளில் உள்ள திறந்த டிரிம்மர்கள், அதாவது அளவைத் திருகிச் சரிசெய்யும் சின்ன ரெசிஸ்டர்கள். கார்பன் தடம் தேய்ந்து, தொட்டாலே சத்தம் கரகரக்கும். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்: பழையதை ஈயம் நீக்கிக் கழற்றி, நடுக்காலுக்கும் ஒரு ஓரக்காலுக்கும் உள்ள ஓம்ஸை மல்டிமீட்டரில் பார்த்து எழுதி, புதியதை அதே ஓம்ஸில் நிறுத்திவிட்டுப் பற்றவைக்க வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றிவிட்டால் பயாஸ் (பதிவின்போது ஒலியோடு சேர்த்து ஹெட்டுக்குப் போகும் உயர் அதிர்வெண் மின்சாரம்) எங்கே, லெவல் எங்கே என்று தெரியாமல் பூஜ்யத்திலிருந்து தொடங்க நேரும்.

முதல் மின்சாரம் சீரிஸ் பல்பு, அதாவது மெயின்ஸ் லைனில் மெஷினுக்கு முன்னால் தொடராக இணைத்த பல்பு, வழியாகப் போகட்டும். 100 வாட் பழைய இழை பல்பு, எல்.இ.டி. அல்ல. சுவிட்ச் போட்டதும் பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட். மோட்டார் ஓட வேண்டிய நிலைக்கு வரும்போது பல்பை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வோல்ட் பற்றாமல் மோட்டார் முக்கும், அதைப் பார்த்து மோட்டார் போச்சு என்று தப்பாக முடிவு கட்டுவோம். ஆம்பெக்ஸ் மாதிரி வால்வு மெஷினில் சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் அளவு வோல்ட் தங்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்கலாம்.

சுத்தம், காந்தம், கோணம்

ஹெட்டுகளையும் கேப்ஸ்டன் தண்டையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். குச்சியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை. டேப்பை கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலரின் ரப்பருக்கு ஆல்கஹால் வேண்டாம், காய்ந்து வெடிக்கும். ஒரு துளி சோப்புத் தண்ணீர் போதும், பிறகு வெறும் தண்ணீரில் துடைத்து உலர விட வேண்டும். ரப்பர் பிசுபிசுப்பாக இருந்தாலோ நகத்தால் அழுத்தினால் கல்லாக இருந்தாலோ சுத்தம் செய்து பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

பிறகு காந்தம் நீக்குதல். மெஷினை அணைத்து, டேப்பை வேறு அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, டிமேக்னடைசரை ஒரு மீட்டர் தள்ளி நின்று ஆன் செய்ய வேண்டும். மெதுவாக ஹெட் அருகே கொண்டுபோய், ஒவ்வொரு ஹெட்டையும் கைடையும் வருடிவிட்டு, அதே மெதுவில் பின்வாங்கி, ஒரு மீட்டர் வந்த பிறகு அணைக்க வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போது கரண்ட் போனால் இருந்ததைவிட அதிகக் காந்தம் ஏறி நிற்கும். மின்வெட்டு வருகிற மாலை நேரத்தில் இந்த வேலை வேண்டாம்.

அசிமத் எனப்படும் ஹெட்டின் கோணத்துக்கு வழக்கமாக விலை கூடிய டெஸ்ட் டேப் வேண்டும். எதிரொலிக்கு மட்டும் மெஷினைப் பயன்படுத்துவதானால் அந்தச் செலவு தேவையில்லை. வெளியே பதிவான டேப்பை நாம் கேட்கப் போவதில்லை. பதிவு ஹெட்டும் பிளேபேக் ஹெட்டும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால் போதும். திருகின் தற்போதைய நிலையில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவிட்டு, 1 கிலோஹெர்ட்ஸ் டோனை 0 வி.யு.வுக்கு (லெவல் மீட்டரின் 0 குறி) 20 டெசிபெல் கீழே பதிவு செய்தபடியே மானிட்டரை 'டேப்'பில் வைத்து, பதிவு ஹெட்டின் அசிமத் திருகை மீட்டர் உச்சம் வரும் வரை திருப்ப வேண்டும். அடுத்து 5 கிலோஹெர்ட்ஸ், கடைசியில் 10. நேராக 10-க்குப் போனால் பொய்யான உச்சத்தில் மாட்டிக்கொள்வோம்: உண்மை உச்சத்துக்கு இருபுறமும் சின்ன உச்சங்கள் உண்டு. இன்னொன்று, திருகைத் திருப்பியதன் விளைவு மீட்டரில் தாமதமாகத்தான் தெரியும், ஏனென்றால் நாம் அளப்பதே தாமதத்தைத்தான். கொஞ்சம் திருப்பி, நிறுத்தி, பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். இரும்பு ஸ்க்ரூடிரைவர் ஹெட்டின் முகத்தில் படக் கூடாது.

பயாஸுக்கு டேப் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்க்கலாம். பொதுவான வழி: 10 கிலோஹெர்ட்ஸ் பதிவு செய்தபடி பயாஸை ஏற்றினால் மீட்டர் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும். 38 செ.மீ. வேகத்தில் சுமார் 3 டெசிபெல் இறங்கும் இடம் பல டேப்புகளுக்குச் சரியாக வரும். வேகம் பாதியானால் இறக்கம் கூடும். எதிரொலி கொஞ்சம் மங்கலாக இருந்தால்தான் அழகு என்பதால் இங்கே அரை டெசிபெல் பிசகுக்கு யாரும் அழப் போவதில்லை.

டேப் புதியது வேண்டும், ஆர்.டி.எம். கம்பெனியின் எஸ்.எம்.911 மாதிரி. பழைய ஆம்பெக்ஸ் 456 சும்மா கிடைத்தாலும் வேண்டாம். அந்தக் காலத்து டேப்பின் பசை காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுக்கும், அரை மணி நேரத்தில் ஹெட் முழுக்கப் பழுப்பு மாவு, டேப் கிறீச்சிடும். கடலோர ஊர்களில் இது இன்னும் மோசம். 762 மீட்டர் ரீல் 38 செ.மீ. வேகத்தில் 33 நிமிடம் ஓடும். முடிந்ததும் திருப்பிச் சுற்றி அதே டேப்பிலேயே மேலெழுதலாம், அழிக்கும் ஹெட் வேலை செய்கிறவரை பிரச்சினையில்லை.

இணைப்பு

மிக்ஸரில் குரல் சேனலின் ஆக்ஸ் சென்டிலிருந்து (குரலின் ஒரு நகலை வெளியே அனுப்பும் வழி) ஒரு கேபிள் டேப் மெஷினின் லைன் இன்புட்டுக்கு. டேப் அவுட்புட்டிலிருந்து ஒரு கேபிள் மிக்ஸரின் காலியான சேனலுக்கு. மெஷினில் ரெக்கார்ட், மானிட்டர் சுவிட்ச் 'டேப்'. திரும்பி வரும் இந்த 'ரிட்டர்ன்' சேனலின் ஆக்ஸ் சென்ட் பூஜ்யத்தில். அந்தக் குமிழ் கொஞ்சம் திறந்தாலும் எதிரொலி மறுபடி டேப்புக்குள் போய் மூன்று, நான்கு முறை வரும். இன்னும் திறந்தால் ஊளையிட்டு ஸ்பீக்கரைக் கிழிக்கும். சன் சத்தத்துக்கு ஒரு முறைதான்.

லெவல் பொருந்தவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்: ஸ்டுடியோ மிக்ஸர் +4 டி.பி.யு., வீட்டு மெஷின் -10 டி.பி.வி. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 12 டெசிபெல். சென்டை அந்த அளவு குறைக்க வேண்டும், ரிட்டர்னை அந்த அளவு ஏற்ற வேண்டும். ஹம் என்ற மின் முனகல் வந்தால் நடுவே 1:1 ஆடியோ டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது தீர்வல்ல, அது சாவுக்கு வழி.

தாமதத்தை அளக்க, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒற்றை 'கிளிக்'கை அனுப்பி, நேராக வந்ததையும் டேப் வழியாக வந்ததையும் இரண்டு டிராக்கில் பதிவு செய்து அலைவடிவத்தில் இடைவெளியைப் பார்க்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 133 மில்லி விநாடி என்பது ஏறக்குறைய 6,400 சாம்பிள். நேர் சத்தத்தையும் ஒரு கேபிள் வழியாகவே வெளியே அனுப்பி உள்ளே எடுத்தால்தான் அளவு நம்பத்தக்கது. இல்லாவிட்டால் ஆடியோ இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

ரிட்டர்ன் ஃபேடரை முழுக்க இறக்கிவிட்டு, பாட்டு ஓடும்போது மெல்ல ஏற்ற வேண்டும். எதிரொலி தனியாகக் கேட்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றே பின்வாங்கினால் நல்ல இடம், அனேகமாக குரலுக்கு 8 முதல் 12 டெசிபெல் கீழே. சரியா என்று பார்க்க ஏற்றிக் கேட்காமல், ரிட்டர்னைச் சட்டென்று மியூட் செய்து பார்க்க வேண்டும். அறையே சுருங்கிப்போன மாதிரி இருந்தால் அளவு சரி.

எதிரொலியே வராமல் குரல் மட்டும் தடித்து, சத்தம் கூடினால் மானிட்டர் சுவிட்ச் 'சோர்ஸ்'ஸில் இருக்கிறது. நூற்றில் தொண்ணூறு முறை இதுதான். எதிரொலியில் நீளமான சுரங்கள் நடுங்கினால் கேப்ஸ்டனில் அழுக்கு அல்லது பிஞ்ச் ரோலர் தட்டையாகிவிட்டது: மெஷினை ரோலர் அழுந்திய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டதன் பலன். எதிரொலி அவ்வப்போது மங்கி மங்கித் தெளிந்தால் டேப் ஹெட்டோடு ஒட்டவில்லை. ஹெட் முகத்தில் டேப் அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம். பள்ளத்தின் ஓரம் நகத்தில் தட்டுப்பட்டால் ஹெட்டைத் தேய்த்துச் சமப்படுத்த அனுப்ப வேண்டும், வீட்டில் உப்புத்தாள் வைத்து முயல்வது ஹெட்டுக்குக் கொள்ளி வைப்பது.

அந்த அறையும் அதன் மறுவாழ்வும்

பிலிப்ஸ் 1960-ல் மெம்பிஸிலேயே மாடிசன் அவென்யூவில் பெரிய ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார். 1969-ல் லேபிளையும் ஷெல்பி சிங்கிள்டனுக்கு விற்றார். 706-ல் வேறு வேறு வியாபாரம் நடந்தது. 1987-ல் மறுபடி ஸ்டுடியோவாகத் திறந்தது, அதே வருடம் யூ2 குழு வந்து பதிவு செய்தது. 2003-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. இன்றைக்கும் பகலில் சுற்றுலாப் பயணிகள், இரவில் ரெக்கார்டிங்.

கட்டடம் மீண்டது ஒரு பாதி. இன்னொரு பாதி, 2015 வரை அங்கே பொறியாளராக இருந்த மாட் ராஸ்-ஸ்பாங் செய்தது. பிலிப்ஸ் வைத்திருந்த அதே வகைக் கருவிகளைத் தேடிச் சேர்த்தார்: ஆர்.சி.ஏ. 76-டி வால்வு மிக்ஸர், ஆம்பெக்ஸ் 350 டேப் மெஷின், தட்டு வெட்டும் பிரெஸ்டோ லேத். 76-டி வானொலி நிலையத்துக்குச் செய்த மிக்ஸர். ஒவ்வொரு சேனலிலும் பேஸ், டிரெபிள் குமிழ் எல்லாம் கிடையாது. சத்தம் பிடிக்கவில்லை என்றால் மைக்கையோ ஆளையோ நகர்த்த வேண்டும். அந்தக் காலப் பதிவுகள் முழுக்கவே இப்படித்தான்: மோனோ, எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில்.

இந்த அறையிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கூரை. தட்டையாக இல்லாமல் 'வி' வடிவ மடிப்புகளாக ஓடு ஒட்டிய கூரை அது. இணையான இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஒலி மாறி மாறி மோதி 'டர்ர்ர்' என்று அதிர்வதை அந்த மடிப்பு உடைக்கிறது. நம் கான்கிரீட் அறைகளில் இந்த டர்ர்ர்தான் முதல் எதிரி. டேப் எதிரொலி சேர்க்கும்போது அதுவும் இரட்டிப்பாகும். அறையின் நடுவே நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டி, அது கேட்டால், முதலில் இணையான சுவர்களில் ஒன்றில் ராக்வூல் பலகை, புத்தக அலமாரி, கனமான ஜமுக்காளம் எதையாவது ஏற்ற வேண்டும். எல்லாப் பக்கமும் மூடிவிடவும் கூடாது. சன் அறை செத்த அறை இல்லை. பாஸ் சத்தம் குரல் மைக்கிலும் கேட்கும், குரல் கிதார் மைக்கிலும் கேட்கும். அந்தக் கசிவும் சேர்ந்துதான் டேப்புக்குப் போனது.

ஆர்.சி.ஏ. 77-டி.எக்ஸ். மாதிரி ரிப்பன் மைக் கிடைத்தால் மூன்று எச்சரிக்கை. உள்ளே இருப்பது சில மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தாள், வாயால் ஊதிச் சோதித்தால் போச்சு. மைக் கேபிள் வழியாகவே மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் பான்டம் மின்சாரம் சரியான எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் பொதுவாகத் தீங்கு செய்யாது, ஆனால் ஜாக் பேட்ச்பேயில் (கேபிள்களை மாற்றிச் செருகும் பலகை) செருகும் கணத்தில் இரண்டு முனையும் சேர்ந்து தொடாததால் ரிப்பன் பறந்துவிடும். பான்டத்தை அணைத்துவிட்டுச் செருக வேண்டும். கடைசியாக, அதற்கு 60 டெசிபெல்லுக்கு மேல் கெயின் தேவைப்படும், மலிவான மிக்ஸரில் இரைச்சல்தான் மிஞ்சும்.

வேலை முடிந்ததும் டேப்பை மெஷினிலிருந்து எடுத்துவிட வேண்டும், பிஞ்ச் ரோலர் விலகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைப் போட வேண்டும். எதிரொலி டேப் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பாட்டே பதிவான மாஸ்டர் டேப் இருந்தால் மட்டும் திருப்பிச் சுற்றாமல், ஓடி முடிந்த நிலையிலேயே, வால் வெளியே இருக்கும்படி வைக்க வேண்டும். சுருளில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் பதிந்து மெல்லிய போலி ஒலி உண்டாகும். வால் வெளியே இருந்தால் அதில் பலமானது பாட்டுக்குப் பின்னால் விழும், பாட்டின் சத்தமே அதை மூடிவிடும். திருப்பிச் சுற்றி வைத்தால் பாட்டு தொடங்கும் முன்னுள்ள அமைதியிலேயே முதல் வரி மெல்லக் கேட்டுவிடும்.